ஆளில்லாத ஊருக்கும் பெயர் உண்டு

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ எம்மவர் இருவர் புதிதாகச் சந்தித்தால், "உங்களுக்கு எந்த இடம்?" என்றுதான் முதலில் கேட்டுக்கொள்வார்கள். கேட்பவர் வீட்டு முகவரியைக் கேட்கவில்லை என்பது இருவருக்கும் தெரியும். மாடி இலக்கத்தையும் ஒழுங்கையின் பெயரையும் சொன்னால், "அது சரி, ஊர் எது?" என்று மறுபடியும் கேள்வி வரும். பலாலி, வசாவிளான், கட்டுவன், தையிட்டி, மயிலிட்டி என்று ஒரு பெயரைச் சொன்ன பிறகுதான் பேச்சு தொடரும்.

அந்தப் பெயர்களைச் சொல்லும் உரிமையோடு இங்கே வாழ்பவர்கள் நாம். 1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பியவர்களும், 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நடந்தவர்களும் எம்மில் உள்ளனர். சுற்றிச் சுழன்று ஈற்றில் கொழும்புக்கு வந்து சேர்ந்தோம். ஊரை விட்டு வந்தபோது நாற்பது வயதாக இருந்தவருக்கு இன்று எழுபத்தைந்து வயது. அவருடைய பேரப்பிள்ளை கொழும்பில் பிறந்தது. அந்தப் பிள்ளைக்கு ஊர் என்பது தாத்தா சொல்லும் ஒரு சொல் மட்டுமே. இந்த இடைவெளியைப் பற்றித்தான் நாம் இங்கு பேச விரும்புகின்றோம். ஏனெனில், ஊரைத் துல்லியமாக அறிந்த கடைசித் தலைமுறை எம் கண்முன்னே குறைந்துகொண்டு போகின்றது.

ஊர் என்பது எது?

பாரம்பரியம் என்றவுடன் நாம் தேரையும் திருவிழாவையும் ஒடியற் கூழையும் கறுத்தக் கொழும்பான் மாம்பழத்தையும் நினைக்கின்றோம். இவை நல்லவைதாம். ஆனால், இவற்றை வெள்ளவத்தைச் சந்தையிலும் ஓரளவு பெறலாம். பனங்கட்டியும் புழுக்கொடியலும் காலி வீதிக் கடைகளில் கிடைக்கின்றன. வாங்க முடியாத பாரம்பரியம் ஒன்று இருக்கின்றது. அது நிலத்தோடு கட்டுண்ட அறிவு.

எங்கள் காணி ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இருந்தது. உறுதியில் அந்தப் பெயர் எழுதப்பட்டிருக்கும். அதன் பின்னர் அளவு வரும்: இத்தனை லாச்சம், இத்தனை குழி. வரகு விதைக்கும் மேட்டு நிலத்துக்கு ஒரு லாச்சம் என்றால் 18 குழி. நெல் விதைக்கும் வயலுக்கு ஒரு லாச்சம் என்றால் 12 குழி. 288 குழி ஓர் ஏக்கர். எங்கள் தோட்டங்களில் வரகு விளைந்து எத்தனையோ காலமாகிவிட்டது. புகையிலை வந்தது, வெங்காயமும் மிளகாயும் உருளைக்கிழங்கும் வந்தன. ஆனாலும், உறுதிக் கடதாசி இன்னும் வரகை மறக்கவில்லை. அந்தக் காணியில் முன்னோர் எதை விதைத்து உண்டனர் என்பதற்கு அந்த ஒரு சொல்லே சாட்சி.

அளவுக்குப் பின்னர் எல்லைகள் வரும். கிழக்கு இன்னார், வடக்கு ஒழுங்கை என்று நான்கு திசைக்கும் அயலவர் பெயர்கள். அதற்கும் பின்னர், "இதன் தெற்கெல்லையில் உள்ள கிணற்றிற் பங்கும், வழி வாய்க்கால் உரிமையும்" என்றொரு வரி வரும். இந்த ஒரு வரிக்குள் ஊர் முழுவதும் அடங்கியிருக்கின்றது. கிணறு ஒருவருடையதல்ல, பங்குக் கிணறு. இன்றைக்கு யார் இறைப்பது, நாளைக்கு யார் இறைப்பது என்று முறை இருந்தது. நீர்ப்பம்பி வருவதற்கு முன்னர் ஒருவர் துலா மிதிக்க, ஒருவர் பட்டை பிடிக்க, இன்னொருவர் வாய்க்காலில் நின்று தண்ணீர் மாறினார். தனி ஒருவரால் ஒரு தோட்டத்துக்கு நீர் இறைக்க முடியாது. அயலவனோடு பகைத்தவனுடைய பயிர் வாடும். பங்கும் முறையும் உதவியும் இப்படித்தான் எம்மவருக்குப் பழக்கமாயின. அவற்றைக் கற்றுத்தந்த பள்ளிக்கூடம் செம்மண்ணுக்கும் சுண்ணாம்புக்கல்லுக்கும் கீழே கிடந்த நன்னீர்தான்.

வீதியோரத்திலும் இப்படித்தான். தலைச்சுமையோடு வருபவர் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கி, மாடுகள் உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஆவுரோஞ்சிக் கல், அவை குடிக்கக் கேணி, வழிப்போக்கர் தங்க மடம் என்று எங்கள் முன்னோர் கட்டிவைத்தனர். பருத்தித்துறையிலுள்ள தெருமூடி மடம் வீதிக்கு மேலாகவே கூரையிட்டு நிற்பதை அறிவீர்கள். இவை அரசன் கட்டிய கோட்டைகள் அல்ல. தெரியாத மனிதனின் களைப்பையும் வாயில்லாச் சீவனின் தினவையும் எண்ணிப்பார்த்த ஊரவர் கட்டியவை.

எல்லை அழிந்த காணி

இந்த ஊர்களுக்கு என்ன நடந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். பலாலி விமானத்தளத்தையும் காங்கேசன்துறைத் துறைமுகத்தையும் சுற்றி உயர் பாதுகாப்பு வலயம் எழுந்தது. 2009ஆம் ஆண்டில் போர் முடிந்த பின்னரும் அது நீடித்தது. 2013ஆம் ஆண்டு ஏப்ரலில் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல் வந்தது. மக்கள் நீதிமன்றம் சென்றனர். 2015ஆம் ஆண்டிலிருந்து காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறைமுகம் 2017 யூலையில் திரும்பக் கிடைத்தது. ஆயினும், எல்லாம் இன்னும் திரும்பி வரவில்லை.

திரும்பி வந்த காணிகளிலும் பலருக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. வீட்டைக் காணவில்லை என்பது மட்டுமல்ல, காணியையே அடையாளம் காண முடியவில்லை. பூவரசங் கதியால் வேலி இல்லை. எல்லைப் பனை இல்லை. கிணறு தூர்ந்து கிடந்தது. ஒழுங்கைகள் பற்றைக்குள் மறைந்துபோயின. இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னர் அந்த வெளியில் நின்று, "இதுதான் எங்கள் காணியின் வடகிழக்கு மூலை" என்று சொல்லக்கூடியவர் யார்? அந்த வேளையில் பட்டதாரி மகனால் பயனில்லை. கைத்தடியோடு வந்த ஆச்சியே வேண்டியிருந்தார். அவருடைய நினைவுதான் நில அளவையாளருக்கு முதல் வரைபடம். அந்த ஆச்சி இல்லாத குடும்பங்கள் எத்தனை!

பிரான்சில் ஒன்பது ஊர்கள்

இங்கே பிரான்ஸ் தேசத்துச் செய்தி ஒன்றைச் சொல்ல விரும்புகின்றோம். எம் உறவினர் பலர் இன்று அங்கே வாழ்கின்றனர். அந்நாட்டின் வடகிழக்கில் வேர்டன் என்றொரு நகரம் உண்டு. முதலாம் உலகப் போரில், 1916 பெப்ரவரி முதல் டிசம்பர் வரை, அங்கே பெரும் சமர் நடந்தது. சுற்றியிருந்த ஒன்பது சிறு விவசாய ஊர்கள் ஒரு கல் மீதியில்லாமல் அழிந்தன. போர் முடிந்தபோது நிலத்துக்குள் வெடிக்காத எறிகணைகளும் நஞ்சும் நிறைந்திருந்தன. அந்த நிலம் மீண்டும் உழப்படக்கூடாது என்று முடிவாகிக் காடு நடப்பட்டது. பின்னர் ஒருசில ஊர்களில் மட்டும் சிறிய அளவில் குடியிருப்பு ஏற்பட்டது. ஆறு ஊர்களுக்கு எவருமே திரும்பவில்லை.

ஆனால், அந்த ஆறு ஊர்களின் பெயர்களையும் பிரெஞ்சு அரசு பதிவேட்டிலிருந்து வெட்டவில்லை. ஆளில்லாத அந்த ஊர்களுக்கு இன்றுவரை ஊர்த்தலைவர் இருக்கின்றார். வாக்களிக்க ஆளில்லாதபடியால் அவர் நியமிக்கப்படுகின்றார். பொன்னாடையும் பட்டமும் அவருக்கு முக்கியமல்ல. பதிவேட்டைக் காப்பதும், ஆண்டுதோறும் நினைவுநாளுக்குச் சந்ததியினரைக் கூட்டுவதும், சிற்றாலயத்தைப் பேணுவதும் அவர் பணி. ஃப்ளெரி என்னும் ஊரில் ஒற்றையடிப் பாதைகளின் ஓரம் சிறு அடையாளங்கள் நாட்டப்பட்டுள்ளன. இங்கே பாண் சுடுபவர் கடை, இங்கே பள்ளிக்கூடம், இங்கே கமக்காரர் வீடு என்று அவை சொல்கின்றன. பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது குண்டு விழுந்த குழிகளும் மரங்களும் மட்டுமே. ஆனால், நடந்துபோகும் பிள்ளைக்கு ஊர் தெரிகின்றது.

எங்கள் ஊர்களும் ஆளில்லாமல் இருந்த காலத்தில் பெயரை விடவில்லை. கிராம அலுவலர் வேறிடத்திலிருந்து கடமை பார்த்தார். பாடசாலைகள் இன்னோர் ஊரின் கொட்டிலுக்குள் தங்கள் சொந்த ஊர்ப் பெயரோடு நடந்தன. கொழும்பில் பழைய மாணவர் சங்கங்கள் கூடின. அந்த அளவுக்கு நாமும் ஃப்ளெரி ஊராரைப் போன்றவர்களே. ஆனால், ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அவர்களது நிலம் உழுவதற்கு உதவாதது. எங்களது நிலம் உழத்தக்கது. அவர்களுக்கு நினைவுச்சின்னம் போதும். எங்களுக்குப் போதாது. எங்கள் ஊரை நாம் அரும்பொருட்காட்சியாக ஆக்கிவிடக்கூடாது. நினைவைக் காப்பது திரும்பிச் சென்று பயிரிடுபவருக்குப் பயன்பட வேண்டும்.

முழு ஊரையும் நினைப்போம்

ஊரைப் பற்றிப் பேசுகையில் அதனை ஒரு பொற்காலமாக மட்டும் வர்ணிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். 1970களில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது மிளகாயும் வெங்காயமும் விலைபோன கதையை எங்கள் பெரியவர்கள் மகிழ்வோடு சொல்வார்கள். அது உண்மை. ஆனால், அதே ஊர்களில் பங்குக் கிணற்றில் பங்கில்லாத மனிதரும் இருந்தனர். சாதியின் பெயரால் கிணற்றுக் கட்டில் ஏற முடியாமல், யாராவது அள்ளி ஊற்றுவார்களா என்று குடத்தோடு காத்திருந்தோர் இருந்தனர். வலிகாமம் வடக்கின் மாவிட்டபுரத்திலேயே 1968ஆம் ஆண்டில் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இலேயே வந்திருந்தும் நிலைமை இதுதான்.

இடப்பெயர்வும் எல்லோரையும் ஒரே மாதிரி வைக்கவில்லை. கையில் ஏதோ இருந்தவர்கள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போனோம். காணியற்றவர்களும் அன்றாடக் கூலிகளும் கடற்றொழிலாளரும் மல்லாகம் கோணாப்புலம் போன்ற முகாம்களில் கால் நூற்றாண்டு கடந்தும் தகரக் கொட்டிலுக்குள் இருந்தனர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் புத்தளத்தில் அதே துயரை அனுபவித்தனர். ஊரின் கதையை எழுதும்போது இவர்களை விட்டு எழுதினால் அது ஊரின் கதையல்ல. ஒரு பகுதியாரின் குடும்பக் கதையாகவே அது முடியும். கிணற்றில் எல்லோருக்கும் பங்கு எழுதப்படும் ஊரையே நாம் திரும்பக் கட்ட வேண்டும்.

"கொழும்பில் பிறந்த பிள்ளைக்கு இது எதற்கு?"

இந்தக் கேள்வியை எம்மிற் பலர் கேட்கின்றனர். "பிள்ளை படித்து உத்தியோகம் பார்க்கப் போகிறான். அவன் துலா மிதிக்கப் போவதில்லை. காணியை விற்றால் கொழும்பில் ஒரு மாடி வீட்டுக்கு முற்பணமாவது கட்டலாம்" என்கின்றனர். இதனை நாம் இகழவில்லை. வாடகை கட்டும் குடும்பத்தின் கஷ்டம் எமக்குத் தெரியும். விற்றுத்தான் ஆகவேண்டும் என்ற நிலை வந்தவரைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை.

ஆயினும், இரண்டு விடயங்களைச் சிந்திக்கும்படி கேட்கின்றோம். முதலாவது, கொழும்பு எங்களுக்கு அடைக்கலம் தந்தது உண்மை. ஆனால், 2007 யூன் 7ஆந் திகதி அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளில் தங்கியிருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழர் பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டதை மறக்க முடியாது. அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து இடைக்கால உத்தரவிட்டது. அந்த நாள் ஒரு பாடம் தந்தது. வாடகைச் சீட்டு மட்டுமே உள்ளவனிடம் "உன் ஊர் எது?" என்று அதிகாரம் கேட்கும்போது, அவன் காட்டுவதற்கு ஏதாவது இருக்க வேண்டும்.

இரண்டாவது, காணி சும்மா கிடந்தால் அது எங்களுக்காகக் காத்திருக்கும் என்று எண்ண வேண்டாம். இந்நாட்டுச் சட்டப்படி பத்தாண்டு எதிரிடையாக ஆண்டவர் உரிமை கோர முடியும். போரினால் காணிக்குப் போக முடியாதவர்களைக் காப்பதற்கு 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சிறப்புச் சட்டம் வந்தது. அதனைப் பயன்படுத்த இரண்டு ஆண்டு அவகாசமே தரப்பட்டது. அது 2018இல் முடிந்துவிட்டது. எத்தனை பேர் அறிந்திருந்தோம்? அண்மையில், 2025 மார்ச் 28ஆந் திகதி, காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வர்த்தமானி ஒன்று வெளிவந்தது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களில் சுமார் 5,940 ஏக்கருக்கு உரிமை கோருவோர் மூன்று மாதத்துக்குள் வரவேண்டும் என்றது. பலத்த எதிர்ப்பு எழுந்தது. அதே ஆண்டு யூன் மாத இறுதியில் உயர் நீதிமன்றம் அதனை இடைநிறுத்தியது. அரசும் அதனை மீளப் பெற்றது. இந்தத் தடவை தப்பினோம். ஆனால், சுனாமியிலும் போரிலும் உறுதியை இழந்த ஒரு விதவைத் தாய் மூன்று மாதத்துக்குள் எதைக் கொண்டு போயிருப்பார்?

செய்யக் கூடியவை

பெரிய திட்டம் எதையும் நாம் முன்வைக்கவில்லை. கையிலுள்ளதைக் கொண்டு செய்யக்கூடிய நான்கு பணிகளைச் சொல்கின்றோம்.

ஒன்று, ஊர் வரைபடம். ஓர் ஒழுங்கையைச் சேர்ந்த குடும்பங்கள் ஞாயிறு பின்னேரம் ஒன்றுகூடி, பெரிய தாளொன்றில் ஒழுங்கையையும் கிணறுகளையும் காணிப் பெயர்களையும் எல்லைகளையும் குறிக்க வேண்டும். யாருக்கு எந்தக் கிணற்றில் எத்தனை பங்கு, வாய்க்கால் எப்படி ஓடியது, மழைவெள்ளம் எந்தப் பக்கம் வடிந்தது என்பனவற்றையும் எழுத வேண்டும். காணியில்லாமல் அயற்காணியிற் குடியிருந்தோரின் வீடுகளையும் குறிக்க வேண்டும். பெரியவர்கள் சொல்லப் பிள்ளைகள் வரையட்டும். கைத்தொலைபேசியில் அவர்கள் குரலையும் பதிவு செய்யட்டும். கூடுவதற்கு இடமில்லை என்பதில்லை. பங்கு மண்டபங்கள் உண்டு. 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தையில் நூலகத்தோடு இருக்கின்றது.

இரண்டு, ஆவணம். உறுதி தொலைந்திருந்தால் யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்தில் பிரதி தேடலாம். "தோம்பு பார்த்தல்" என்று எங்களவர் சொல்வது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேட்டின் பெயரால் வந்த வழக்கு. பழைய வரிப் பற்றுச்சீட்டு, பாடசாலை வரவு இடாப்பு, திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகள் ஆகியவையும் இன்ன குடும்பம் இன்ன ஊரில் இருந்தது என்பதற்குச் சான்றாகும். பிரதிகளை ஒரே இடத்தில் வைக்காது, மூன்று வீடுகளில் வையுங்கள். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்ததைக் கண்ட சமூகம் இந்தப் பாடத்தை மறக்கலாகாது.

மூன்று, தரிசு. நாம் திரும்பிப் போக முடியாவிட்டால், அந்தக் காணியை அவ்வூரில் மீளக் குடியேறிய காணியற்ற குடும்பத்துக்குப் பயிரிடக் கொடுக்கலாம். நொத்தாரிசு முன் குத்தகை எழுதிக் கொடுத்தால் எங்கள் உரிமைக்கும் பாதுகாப்பு, அவர்களது உழைப்புக்கும் பாதுகாப்பு. நாயுருவியும் பார்த்தீனியமும் மூடிக் கிடக்கும் காணியைவிட, இன்னொருவர் வெங்காயம் நட்ட காணி எங்கள் காணியாக நீடிப்பதற்கு வாய்ப்பு அதிகம். முகாமில் முதுமையடைந்தவர்களுக்கு ஊர் செலுத்த வேண்டிய கடனும் இதுவே.

நான்கு, விதையும் நீரும். மொட்டைக்கறுப்பன் நெல்லும், குரக்கனும், சாமையும், வரகும் இன்னும் சில கமக்காரரிடம் உள்ளன. திரும்பிச் சென்ற குடும்பங்கள் அவற்றைத் தேடிப் பெற்றுச் சிறு பாத்தியிலாவது போட்டு விதை எடுக்க வேண்டும். அதேபோல், நீர்ப்பம்பி வந்த பின்னர் கணக்கில்லாமல் இறைத்துக் கிணறுகளை உவராக்கிய கதை மீண்டும் நடக்கக் கூடாது. எங்கள் நன்னீர் ஆற்றிலிருந்து வருவதல்ல. மாரி மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தேங்கிய சிறு இருப்பு. அளவுக்கு மிஞ்சி எடுத்தால் கீழேயுள்ள கடல்நீர் மேலே வரும். முறை வைத்து இறைத்த பழைய ஒழுங்கு இன்றைக்கும் விஞ்ஞானமே.

இவ்வளவும் செய்தால் ஊர் திரும்பிவிடுமா என்று கேட்கலாம். இரணைதீவு மக்களை நினைத்துப் பாருங்கள். 1992இல் தீவை விட்டு வந்தவர்கள். எத்தனையோ மனுக்கள், ஓராண்டு காலப் போராட்டம் என்பவற்றின் பின்னர், 2018 ஏப்ரல் 23ஆந் திகதி தங்கள் வள்ளங்களில் ஏறித் தாமாகவே தீவுக்குப் போய்த் தங்கிவிட்டனர். எந்த இடத்தில் யாருடைய வீடு, எங்கே நன்னீர்க் கிணறு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவு இருபத்தாறு ஆண்டுகள் அழியாமல் காக்கப்பட்டிருந்தபடியால்தான் இறங்கிய அன்றே அவர்களால் தங்க முடிந்தது.

எங்களுக்கு அதைவிட நீண்ட காலம் ஆகிவிட்டது. ஆகவே, அன்பான குடும்பங்களே, அடுத்த பெருநாள் வரும்வரை காத்திராதீர்கள். வீட்டிலுள்ள மூத்தவரின் பக்கத்தில் ஒரு பிள்ளையை இருத்துங்கள். ஒரு தாளும் பென்சிலும் கொடுங்கள். முதலில் கிணற்றைக் கீறச் சொல்லுங்கள். பிறகு, அந்தக் கிணற்றில் பங்குள்ளவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதச் சொல்லுங்கள்.